பால் மில்லில் இரும்பும் சிலிக்கானும்: தனித் தூளா, உருக்கிய கட்டியா?

"எத்தனை மணி நேரம் ஓட்டணும், எத்தனை ஆர்பிஎம்?" இரும்பு–சிலிக்கானை பால் மில்லில் (கடினக் குண்டுகளோடு தூளை ஜாருக்குள் அடைத்துக் குலுக்கியோ சுழற்றியோ அரைக்கும் ஆலையில்) அரைக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். என்னைக் கேட்டால் இது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஜாருக்குள் எதைப் போடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரும்புத் தூளையும் சிலிக்கான் தூளையும் தனித்தனியே எடைபோட்டுக் கலந்து அரைக்கலாம்; இல்லையென்றால் இரண்டையும் உருக்கி ஒன்றாக்கி, அந்தக் கட்டியை உடைத்து, அந்தத் தூளை அரைக்கலாம். சதவீதம் ஒன்றுதானே, கடைசியில் ஒரே இடத்துக்குத்தானே வரும் என்பார்கள். எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சிதறல்) வரைபடத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும்: இரண்டிலும் அகன்று தாழ்ந்துபோன பீக்குகளோடு (முகடுகளோடு) ஒரு பொருள் மையக் கனசதுர அமைப்பு. ஆனால் உள்ளே அணுக்கள் உட்கார்ந்திருக்கும் விதம், செலவான நேரம், வழியில் ஏறிக்கொண்ட அழுக்கு எல்லாமே வேறு வேறு.

தனித் தூள்களிலிருந்து தொடங்குவதற்கு மெக்கானிக்கல் அலாயிங் என்று பெயர். 1960களின் பிற்பகுதியில் இன்கோ நிறுவனத்தில் ஜான் பெஞ்சமின், நிக்கல் கலப்புலோகத்துக்குள் ஆக்சைடு துகள்களைச் சீராகப் பரப்புவதற்காக இதைக் கொண்டுவந்தார். உருக்கினால் ஆக்சைடு மேலே மிதந்துவிடும், அதனால் உருக்காமலே கலக்க ஒரு வழி தேவைப்பட்டது. இரும்புக்கும் சிலிக்கானுக்கும் அந்தத் தகராறு கிடையாது. உருக்கினால் இரண்டும் சமர்த்தாகக் கலந்துவிடும். ஆகவே "மெக்கானிக்கல் அலாயிங் செய்தால்தான் இந்தக் கலவை கிடைக்கும்" என்று யாராவது ப்ராஜெக்ட் முன்னுரையில் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம். கலவை கிடைப்பதற்காக யாரும் அரைக்க வேண்டியதில்லை. நானோ அளவுப் படிகத்துணுக்கு வேண்டும், ஒழுங்கு கலைந்த அமைப்பு வேண்டும், அல்லது அடுத்து வரும் வெப்ப வினைக்கு நெருக்கமாகக் கலந்த தூள் வேண்டும். இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்காகத்தான் அரைக்கிறோம்.

தனித் தூள் வழியில் ஜாருக்குள் நடப்பது என்ன? இரும்பு நசுங்கும், சிலிக்கான் நொறுங்கும். குண்டுகளுக்கு நடுவே சிக்கிய இரும்புத் துகள் தகடாகத் தட்டையாகும், நொறுங்கிய சிலிக்கான் துணுக்கு அதன் முகத்தில் பதியும், அதன் மேல் இன்னொரு இரும்புத் தகடு வந்து குளிர்நிலையிலேயே பற்றவைத்ததுபோல ஒட்டும், பிறகு மொத்தமும் முறியும், மறுபடி ஒட்டும். தொடக்க மணி நேரங்களில் எடுத்த துகள் ஒன்றை ரெசினில் பதித்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில், பின்சிதறல் பிம்பத்தில் பாருங்கள். வெளுத்த இரும்புப் பட்டைகளுக்கு நடுவே கறுத்த சிலிக்கான் துணுக்குகள் வரிவரியாகக் கோத்திருக்கும். சில இடத்தில் ஒரு பெரிய சிலிக்கான் துண்டு உடையாமல் அப்படியே மாட்டிக்கொண்டு, சுற்றியுள்ள இரும்பு அதை வளைத்துக்கொண்டு போயிருக்கும். நேரம் போகப் போக வரிகள் மெலிந்து நெருங்கி, ஒரு கட்டத்தில் நுண்ணோக்கிக்கே சாம்பல் ஒரே நிறமாகிவிடும். "கலந்துவிட்டது" என்று பலரும் அறிவிப்பது இந்தக் கட்டத்தில்தான். அவசரப்பட வேண்டாம்.

இங்கே ஒரு கணக்கு உதவும். மென்காந்தப் பொருளுக்காக (எளிதில் காந்தமாகி, எளிதில் காந்தம் இழப்பது) எல்லோரும் விரும்பும் 6.5 எடை சதவீத சிலிக்கானை எடுத்துக்கொள்ளுங்கள். அணுக் கணக்கில் அது ஏறத்தாழ 12 சதவீதம். சிலிக்கானின் அடர்த்தி 2.33, இரும்பினுடையது 7.87 என்பதால் கன அளவில் பார்த்தால் ஜாருக்குள் போகும் பொருளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கான்! தராசில் கொசுறு மாதிரித் தெரிகிற பொடி, உள்ளே போனதும் ஒரு பெரிய கூட்டம். அத்தனையும் இரும்பின் அணிக்கோவைக்குள் (அணுக்களின் ஒழுங்கான அடுக்குக்குள்) ஒவ்வோர் அணுவாக நுழைய வேண்டும். அதற்கு இடப்பெயர்ச்சிக் குறைபாடுகளும் (அணு வரிசை பிசகிய கோடுகள்) படிக எல்லைகளும் பாதை போட்டுத் தருகின்றன. கலப்பு வெப்பமும் நன்றாகவே எதிர்க்குறியில் இருப்பதால் (கலக்கும்போது வெப்பம் வெளியேறும்) சிலிக்கானுக்கு உள்ளே போவதில் தயக்கமில்லை. நேரம்தான் ஆகும். தொடக்க சிலிக்கான் தூள் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. இந்த ஓர் இடத்தில் நல்ல தூளுக்குக் காசு கொடுப்பது வீண் போகாது.

சிலிக்கான் பீக் காணாமல் போவதைப் பற்றி. தாமிரக் குழாய் வைத்த எக்ஸ்ஆர்டியில் சிலிக்கானின் 111 கோடு, அதாவது 111 என்று எண்ணிட்ட அணுத் தளங்களிலிருந்து வரும் பீக், 28.4 டிகிரியில் வரும். சில மணி நேர அரைவையிலேயே அது மறைந்துவிடும், உடனே "சிலிக்கான் முழுவதும் கரைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். கரைந்ததால்தான் மறைந்தது என்று சொல்ல முடியாது. சிலிக்கானின் அணு எண் 14, இரும்பினுடையது 26. சிதறல் வலிமையிலேயே சிலிக்கான் பின்தங்கியது. துணுக்குகள் சில நானோமீட்டருக்கு வந்துவிட்டால் கோடு பரந்து பின்னணியில் மூழ்கும். அடிபட்டு அடிபட்டு சிலிக்கான் உருவற்ற நிலைக்கும் போகலாம். போதாக்குறைக்குத் தாமிரக் கதிர் பட்டால் இரும்பு ஒளிர்வுக் கதிர்களை உமிழ்ந்து பின்னணியை ஏகத்துக்கும் உயர்த்திவிடும். கோபால்ட் குழாய் கிடைத்தால் கெஞ்சியாவது அதில் எடுங்கள்.

நம்ப வேண்டியது இரும்பின் அணிக்கோவை மாறிலியை, அதாவது அந்த அடுக்கின் ஓர் அலகுக் கனசதுரத்தின் பக்க நீளத்தை. தூய இரும்பில் 2.866 ஆங்ஸ்ட்ராம். சிலிக்கான் 25 அணு சதவீதத்தை எட்டி, மூன்று இரும்புக்கு ஒரு சிலிக்கான் என்ற கலவையாகும்போது (இனி இதை மூன்றுக்கு ஒன்று என்கிறேன்) அதே அளவில் சொன்னால் சுமார் 2.825. நடுவில் இருப்பது நேர்கோடு அல்ல. தொடக்கத்தில் மெதுவாகச் சுருங்கி, 10 அணு சதவீதத்துக்கு அப்பால் வேகமெடுக்கும். சரி, இதை 110 பீக்கின் நகர்வில் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் அங்கே ஒரு தடை. 0-விலிருந்து 25 வரை முழுத் தொலைவுக்கும் அந்த பீக் நகர்வது 44.7-லிருந்து 45.4 வரை, அதாவது 0.7 டிகிரி. 10 நானோமீட்டர் படிகத்துணுக்கினால் மட்டும் அதே பீக் அகல்வது 0.85 டிகிரிக்கு மேல். அளக்க வேண்டிய நகர்வைவிட அளக்கும் கோட்டின் அகலமே பெரிது! சாம்பிள் ஹோல்டரில் தூள் மட்டம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே கணக்கு கெடும். ஆகவே 211, 220, 310 என்று உயர் கோணக் கோடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காமல் ஒற்றை பீக்கை வைத்துக் கரைசல் அளவைச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

மாஸ்பவர் நிறமாலை எடுக்க வழி இருந்தால் இந்த வாக்குவாதமே வேண்டாம். அது ஒவ்வோர் இரும்பு அணுவிடமும் போய் "உன் பக்கத்து வீட்டில் யார்?" என்று கேட்கிற கருவி. எட்டு அண்டை அணுக்களும் இரும்பாக இருந்தால் அதிநுண் புலம் (அணுக்கரு உணரும் காந்தப்புலம்) 33 டெஸ்லா பக்கம். நாலு சிலிக்கான் வந்துவிட்டால் 20 டெஸ்லா பக்கம் இறங்கும். 12 அணு சதவீதம் சிலிக்கான் முழுக்க முழுக்கச் சீரற்றுக் கலந்திருந்தால் எட்டும் இரும்பாக இருக்கும் அணுக்கள் 36 சதவீதம்தான், ஒரு சிலிக்கான் அண்டை உள்ளவை 39 சதவீதம். சாதாரண ஈருறுப்புப் பரவல் கணக்கு. உங்கள் நிறமாலையில் 33 டெஸ்லா கூறு 60 சதவீதம் நிற்கிறது என்றால், எக்ஸ்ஆர்டி என்ன சொன்னாலும் பாதி இரும்பு இன்னும் சிலிக்கானைப் பார்க்கவே இல்லை.

இப்போது இரண்டாவது வழி. ஆர்க் ஃபர்னஸில் ஆர்கான் சூழலில் உருக்கி, ஒன்றிரண்டு முறை திருப்பிப் போட்டு மறுபடி உருக்கி, சீராக்கச் சூடேற்றி, உடைத்துத் தூளாக்குவது. மூன்றுக்கு ஒன்று கலவையை உடைப்பது சுலபம், உரலில் போட்டால் கண்ணாடி மாதிரிப் போய்விடும். 6.5 சதவீதமும் அறை வெப்பநிலையில் எளிதில் முறியும், தகடாக உருட்ட முடியாமல் மின்மாற்றித் தொழில் இத்தனை காலம் திண்டாடுவது அதனால்தான். வழக்கமான மின்மாற்றித் தகட்டில் இருக்கும் 3 சதவீதம் மட்டும் வளையும், அதை அரத்தால் ராவித்தான் தூளாக்க வேண்டும்.

இந்த வழியில் ஜாருக்குள் போகும்போதே இரும்பும் சிலிக்கானும் அணு அளவில் கலந்துதான் இருக்கின்றன. அரைவை செய்கிற வேலை நேர் எதிரானது: இருக்கிற ஒழுங்கைக் கலைப்பது. மூன்றுக்கு ஒன்று கலவையை உருக்கிக் குளிர வைத்தால் டிஓ3 என்ற ஒழுங்கமைப்பில்தான் வரும், ஒவ்வொரு சிலிக்கானுக்கும் இடம் நிச்சயிக்கப்பட்டிருக்கும். உருகுநிலைக்குப் பக்கத்தில் போகும்வரை அது ஒழுங்கை விடாது, ஆகவே சாதாரணமாகச் சூடேற்றிக் குளிர்வித்து ஒழுங்கில்லாத மூன்றுக்கு ஒன்றைப் பெற முடியாது. ஷேக்கர் மில்லில் (ஜாரை வேகமாகக் குலுக்கும் ஆலை) போட்டால் சில மணி நேரத்திலேயே அந்த நெடுந்தூர ஒழுங்கு போய்விடும். எக்ஸ்ஆர்டியில் 111, 200 என்ற இரண்டு மீஅணிக்கோவைக் கோடுகளை, அதாவது ஒழுங்கு இருந்தால் மட்டும் தோன்றும் கோடுகளை, கவனியுங்கள். 111 மட்டும் மறைந்து 200 மிஞ்சினால் பி2 என்ற அரைகுறை ஒழுங்கு இன்னும் இருக்கிறது. இரண்டும் போனால் ஏ2, அதாவது யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரும் சாதாரண கனசதுரம். இந்தக் கோடுகள் முழு ஒழுங்கிலேயே முதன்மைக் கோட்டின் சில சதவீத உயரம்தான் இருக்கும் என்பதால் மெதுவாக, நீண்ட நேரம் ஸ்கேன் செய்ய வேண்டும். அவசர ஸ்கேனில் ஒழுங்கு இருந்தாலும் தெரியாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆலையின் அடி ஒழுங்கைக் கலைக்கிறது, அடியால் வரும் சூடும், அணிக்கோவையில் அணு இல்லாத வெற்றிடங்களும் ஒழுங்கைத் திரும்பக் கட்டுகின்றன. எது ஜெயிக்கிறதோ அங்கே போய் நிற்கும். பிரான்சின் சாக்லே ஆய்வகத்தில் 1990களில் இரும்பு–அலுமினியத்தில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: அரைவையின் தீவிரத்தையும் வெப்பநிலையையும் மாற்றினால் கடைசியில் மிஞ்சும் ஒழுங்கின் அளவும் மாறும். அதனால் "20 மணி நேரம் அரைத்தோம்" என்பது மட்டும் ஒரு தகவலே இல்லை. எந்த ஆலை, குண்டின் எடை, ஜாரின் சூடு, இடையில் நிறுத்தினீர்களா இல்லையா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் தகவல். ஒழுங்கு கலைவது ஏன் சுவாரசியம் என்று கேட்டால் இரும்பு 60, அலுமினியம் 40 கலவையைப் பாருங்கள்: ஒழுங்கோடு இருக்கையில் அறை வெப்பநிலையில் காந்தமே இல்லை, அரைத்து ஒழுங்கைக் கலைத்தால் ஃபெர்ரோ காந்தமாகிவிடுகிறது. மூன்றுக்கு ஒன்று இரும்பு–சிலிக்கானில் அப்படி நாடகம் எதுவும் இல்லை, அது ஒழுங்கோடு இருக்கும்போதே காந்தம்தான். அந்த ஆசையில் யாரும் சிலிக்கான் பக்கம் வர வேண்டாம்.

இரண்டு வழிகளையும் அழுக்கில் ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனித் தூள் வழியில் கரைவதற்கே பல மணி நேரம் போகிறது, பிளானெட்டரியில் (ஜார் தானும் சுழன்று வட்டத்திலும் சுற்றும் ஆலை) பத்துகளில் மணி நேரம். அத்தனை நேரமும் கடினமான சிலிக்கான் துணுக்குகள் எஃகுக் குண்டையும் ஜாரையும் உரசிக்கொண்டே இருக்கின்றன. 10 கிராம் மூன்றுக்கு ஒன்று கலவையில் அரை கிராம் இரும்பு ஏறிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 14.4 எடை சதவீத சிலிக்கான் 13.7 ஆகிவிடும், அணுக் கணக்கில் 25 போய் 24. "இரும்புதானே, நம்ம ஆள்தானே" என்று சமாதானம் சொல்வார்கள். அந்த ஒரு சதவீதம் அணிக்கோவை மாறிலியில் தெரியும், மாஸ்பவரில் தெரியும், பிறகு நீங்கள் அதற்கு வேறு ஏதோ விளக்கம் தேடிக்கொண்டிருப்பீர்கள். குரோமியம் எஃகு ஜாராக இருந்தால் குரோமியமும் கூடவே வரும். அரைத்த தூளை ஈடிஎஸ்ஸில் (எக்ஸ் கதிரை வைத்துத் தனிமங்களை அடையாளம் காட்டும் கருவி) பார்த்தால் நீங்கள் போடாத குரோமியம் எட்டிப் பார்க்கும். உருக்கிய கட்டி வழியில் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் இந்தத் தொல்லை அந்த அளவுக்குக் குறைவு. என் ஓட்டு பெரும்பாலும் அந்தப் பக்கம் விழுவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஜாரை மாற்றினால்? டங்ஸ்டன் கார்பைடு கனமானது, இரும்பைப் போல இரு மடங்கு அடர்த்தி, அடி பலமாக விழும், நேரமும் குறையும். தேய்ந்தால் டங்ஸ்டனும் கார்பனும் வரும், கார்பன்தான் இங்கே விரோதி. சிர்கோனியா இலேசு, அடி மெல்லியது, ஆனால் வருகிற அழுக்கு ஆக்சைடாக ஓரமாக உட்கார்ந்துகொள்ளும், அணிக்கோவைக்குள் நுழையாது. அகேட் ஜாரில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கடினமாக்கிய எஃகு ஜாரை எடுத்து, ஏறப்போகும் இரும்பை அளந்து, கணக்கில் சேர்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஜாரை இதே கலவைக்கென்று ஒதுக்கிவைத்து, முதல் பேட்ச் தூளைச் சுவரில் ஒட்டவிட்டு, அடுத்த பேட்சிலிருந்து கணக்கு வைத்தால் இன்னும் நல்லது. பொது ஜாரில் முந்தைய ஆள் என்ன அரைத்தார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஒட்டாமல் இருக்க ஸ்டியரிக் அமிலம் போடலாமா? தனித் தூள் வழியில் இரும்பு அதிகம், அது மென்மையானது, போடாவிட்டால் பாதித் தூள் ஜார் சுவரிலும் குண்டிலும் அப்பிக்கொள்ளும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். போட்டால் கார்பன் வரும். ஸ்டியரிக் அமிலத்தின் எடையில் முக்கால் பங்கு கார்பன். 1 சதவீதம் போட்டு அது முழுவதும் தூளுக்குள் போனால் 0.76 சதவீதம் கார்பன். மின்மாற்றித் தகடு செய்கிறவர்கள் கார்பனை 0.003 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பாடுபடுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுவதும் போகாது, கொஞ்சம் சூடேற்றும்போது வெளியேறும் என்றாலும் பத்தில் ஒரு பங்கு தங்கினாலே மென்காந்தப் பயன்பாட்டுக்கு அது பெரிய தொகை. ஹெக்ஸேன், டொலுவீன், எத்தனால் போன்ற திரவத்தில் அரைத்தால் தூள் சுலபமாக வெளியே வரும், துகள்கள் செதில் செதிலாகும், ஆனால் அடி மட்டுப்படுவதால் கரைவது மெதுவாகும். உருக்கிய கட்டி நொறுங்கும் தன்மையுடையது, ஒட்டுவது குறைவு. பெரும்பாலும் எதுவும் போடாமலே ஆர்கானில் உலர்வாக ஓட்டிவிடலாம். இன்னொரு புள்ளி அந்த வழிக்கு.

ஆலையைப் பொறுத்தவரை தேர்வு பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது, டிபார்ட்மெண்டில் எது இருக்கிறதோ அதுதான். ஸ்பெக்ஸ் போன்ற ஷேக்கர் மில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் தடவை குலுக்கும், அடி கடுமை, நேரம் குறைவு, ஆனால் ஒரு தடவைக்குப் பத்து கிராம் சொச்சம்தான். பிளானெட்டரியில் அதைவிட அதிகம் போடலாம், நாலு ஜாரை ஒரே சமயத்தில் ஓட்டலாம், நேரம் பல மடங்கு. அட்ரிட்டரில் (நிற்கும் தொட்டிக்குள் சுழலும் கைகள் குண்டுகளைக் கிளறும் ஆலை) கிலோக் கணக்கில் போகலாம், பெஞ்சமின் தன் வேலைக்கு எடுத்தது அதைத்தான். அடி இன்னும் மெல்லியது, நேரம் இன்னும் நீளம். ஒழுங்கு–ஒழுங்கின்மை ஆய்வுக்கு ஷேக்கர், மாதிரி நிறைய வேண்டுமானால் பிளானெட்டரி, செதில் தூளுக்கு அட்ரிட்டர். குண்டுக்கும் தூளுக்கும் எடை விகிதம் 10-க்கு 1 என்று தொடங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இனி பயன்பாட்டுப் பக்கம். "மென்காந்தத் தூள் செய்கிறேன், 6.5 சதவீதம், தனித் தூளிலிருந்து" என்ற ப்ராஜெக்டுகள்தான் அதிகம். 6.5-ஐ எல்லோரும் துரத்துவதற்குக் காரணம் உண்டு: அங்கே காந்தச் சுருக்கம் (காந்தமாகும்போது வரும் நீள மாற்றம்) கிட்டத்தட்டப் பூஜ்யம், மின்தடைமை 82 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் (3 சதவீதத்தில் 48), தெவிட்டு காந்தப்புலமும் 1.8 டெஸ்லா தங்குகிறது. நானோ படிகத்துணுக்கும் சேர்ந்தால் கோயர்சிவிட்டி (காந்தத்தை அழிக்கத் தேவையான எதிர்ப்புலம்) குறையும் என்பது அடுத்த நம்பிக்கை. காந்தப் பொருள் ஆய்வாளர் ஹெர்சர் 1990 வாக்கில் காட்டியபடி துணுக்கின் அளவு பரிமாற்ற நீளத்துக்கு (அணுக் காந்தங்கள் ஒன்றையொன்று ஒரே திசையில் பிடித்துவைக்கும் தொலைவு) கீழே, அதாவது 35 நானோமீட்டர் பக்கத்துக்குக் கீழே போனால் கோயர்சிவிட்டி அளவின் ஆறாம் அடுக்கில் சரிய வேண்டும். அரைத்த தூளில் துணுக்கு 10–15 நானோமீட்டர்தான், ஆனாலும் அளந்தால் கோயர்சிவிட்டி பத்துகளில் எர்ஸ்டெட் வரும். காரணம், அந்தக் கணக்கு உள்தகைவு இல்லாத பொருளுக்கானது. அரைவையோ தகைவைத் திணிக்கிற வேலை. வில்லியம்சன்–ஹால் வரைபடம் (பீக் அகலம் கோணத்தோடு மாறுவதை வைத்துத் தகைவைக் காட்டுவது) போட்டால் சாய்வு ஏறிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். அந்தத் தகைவு காந்தச் சுவர்களை (வெவ்வேறு திசையில் காந்தமான பகுதிகளுக்கு இடையே உள்ள எல்லைகளை) நகரவிடாமல் பிடித்துவைக்கிறது.

சூடேற்றினால் தகைவு இறங்கும். 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை துணுக்கு அவ்வளவாக வளராமல் தகைவு தணிகிற ஒரு ஜன்னல் இருக்கிறது; அதற்கு மேலே போகப் போகத் துணுக்கு வளர்ந்து நானோ என்ற பேச்சே அடிபட்டுப் போகும். அதே ஜன்னலில் சிலிக்கான் அதிகமுள்ள கலவைகளில் டிஓ3 ஒழுங்கும் திரும்ப வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஒழுங்கைக் கலைக்க அத்தனை நேரம் ஓட்டிவிட்டு, தகைவு நீக்கும் சாக்கில் அதை நாமே திருப்பிக் கட்டுகிறோம். ஸ்டியரிக் அமிலம் போட்டிருந்தால் கார்பைடும் இந்தச் சூட்டில்தான் தலைகாட்டும்.

மென்காந்தத் தூள்தான் லட்சியம் என்றால் நான் சொல்வது கொஞ்சம் கசக்கும்: கலப்பதற்காக அரைக்க வேண்டாம். வாயு அணுவாக்க முறையில் (உருகிய உலோகத்தை வாயுவால் சிதறடித்து) செய்த 6.5 சதவீதத் தூள் சந்தையில் கிடைக்கிறது, உருண்டையாக, சுத்தமாக, உள்தகைவு குறைவாக. தகடுதான் வேண்டும் என்றால் ஜப்பானில் 1990களிலேயே 3 சதவீதத் தகட்டின் மேல் சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியை ஓட்டி 6.5-க்கு உயர்த்தும் முறையைத் தொழிற்சாலை அளவில் செய்துவிட்டார்கள். பால் மில்லுக்கு இங்கே மிஞ்சும் நியாயமான வேலை ஒன்றே: வாங்கிய தூளைத் திரவத்தில் கொஞ்ச நேரம் அரைத்துச் செதிலாக்குவது. உயர் அதிர்வெண்ணில் சுழல் மின்னோட்டத்தை அடக்க மெல்லிய செதில் உதவும். மின்காந்த இரைச்சலை உறிஞ்சும் தாள்களில் சென்டஸ்ட் (இரும்பு–சிலிக்கான்–அலுமினியக் கலவை) தூளை இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

தனித் தூள் வழி உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் சிலிக்கான் மிகுந்த மறுகோடியில் இருக்கிறது: இரும்பு டைசிலிசைடு, ஓர் இரும்புக்கு இரண்டு சிலிக்கான், எடையில் பாதிக்குப் பாதி. வெப்பமின் பயன்பாட்டுக்கு (வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு) வேண்டியது அதன் பீட்டா வடிவம், குறைகடத்தி. உருக்கிக் குளிர வைத்தால் அது நேரடியாக வராது. உலோகத் தன்மையுள்ள ஆல்ஃபா வடிவமும் மோனோசிலிசைடும்தான் (ஓர் இரும்புக்கு ஒரு சிலிக்கான்) உறையும், அவை 982 டிகிரிக்குக் கீழே ஒன்றோடொன்று வினைபுரிந்துதான் பீட்டா ஆக வேண்டும். திட நிலையில், பெரிய பெரிய துணுக்குகளுக்கு நடுவே, மெதுவாக. நீண்ட நேரச் சூடேற்றம் தவிர வழியில்லை. தனித் தூள்களை அரைத்தால் ஜாரைத் திறக்கும்போது கிடைப்பது மோனோசிலிசைடு, ஆல்ஃபா, கரையாத சிலிக்கான், கொஞ்சம் பீட்டா என்று ஒரு கூட்டுக் குழப்பம்தான். ஆனால் எல்லாம் நானோ அளவில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் 700–800 டிகிரியில் சீக்கிரமே பீட்டாவாகிவிடும். கோபால்ட்டோ மாங்கனீசோ கலக்க வேண்டுமானால் அதையும் கூடவே எடைபோட்டுப் போட்டுவிடலாம். இங்கே அரைவை ஒரு தயாரிப்பு வேலை, அமைப்பைக் கச்சிதமாகக் கட்டும் பொறுப்பு சூளைக்கு. மாலிப்டினம் சிலிசைடு அரைக்கும்போது திடீரென்று ஜாருக்குள்ளேயே பற்றிக்கொண்டு முழுவதும் வினைபுரிந்துவிடுவது உண்டு. இரும்போடு அந்தப் பரபரப்பை எதிர்பார்க்க வேண்டாம், படிப்படியாகத்தான் போகும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, ஒரு பிளானெட்டரி மில், தாமிரக் குழாய் எக்ஸ்ஆர்டி, வெளியூருக்கு அனுப்பி எடுக்கும் மாஸ்பவர் என்ற நிலையில் உள்ள ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்துக்கு ஆறு மாத எம்டெக் வேலை என்றால் நான் மூன்றுக்கு ஒன்று கலவையை உருக்கி, உடைத்து, அரைப்பதைத் தேர்ந்தெடுப்பேன். நொறுங்குவதால் தூள் இழப்பில்லை, தொடக்க நிலை என்னவென்று சந்தேகமில்லாமல் தெரியும், 111 கோடு தேய்ந்து மறைவதும் சூடேற்றும்போது திரும்பி வருவதும் ஒரு முழுக் கதை. ஆர்க் ஃபர்னஸ் இல்லாவிட்டால் பக்கத்து நிறுவனத்தில் கட்டியை உருக்கித்தரச் சொல்லிக் கேட்பது, தனித் தூளை நாள் கணக்கில் ஓட்டுவதைவிட மலிவு. ஃபர்னஸுக்கு வழியே இல்லை, கையில் இருப்பது தூள்கள்தான் என்றால் டைசிலிசைடு பக்கம் போங்கள். 6.5-ஐத் தனித் தூளிலிருந்து அரைப்பதை மட்டும் கடைசி இடத்தில் வைப்பேன். அதைப் பற்றி ஏற்கெனவே வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது, புதிதாகச் சொல்ல மாஸ்பவரும் கார்பன் அளவீடும் சேர்ந்து வேண்டும்.

ஓட்டும்போது இரண்டு விஷயம். இடையிடையே ஜாரைத் திறந்து கொஞ்சம் தூள் எடுத்து எக்ஸ்ஆர்டிக்குக் கொடுக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் உள்ளே தூள் குறைகிறது, குண்டு அப்படியே இருக்கிறது, 10-க்கு 1 என்று தொடங்கிய விகிதம் கடைசி மணி நேரங்களில் 14, 15 என்று ஏறியிருக்கும். தாமதமான மாதிரிகள் நேரத்தால் மட்டும் அல்ல, கூடுதல் அடியாலும் மாறியவை. தூள் இருந்தால் ஒவ்வொரு நேரத்துக்கும் தனி பேட்ச் ஓட்டுங்கள். அப்புறம், ஆர்கானில் நெடுநேரம் அரைத்த இரும்புத் தூள் காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளக்கூடியது. ஜார் சூடு முழுவதும் ஆறட்டும், க்ளவ் பாக்ஸில் திறந்து, காற்றை மெல்ல மெல்ல விட்டு, தூளின் மேல் மெல்லிய ஆக்சைடு படிந்த பிறகு வெளியே எடுங்கள். க்ளவ் பாக்ஸ் இல்லாத இடத்தில் மூடியை ஒரு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, பக்கத்தில் எத்தனால் பாட்டில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, காத்திருக்க வேண்டியதுதான்.